வெள்ளை நாக்குப் பூ

அசையாதீங்க. மாதாவே, இந்த மனுசன் அசையாம இருக்கணும். சமையக்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இதையே வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டு நிக்கிறேன். சத்தமாச் சொன்னா முழிச்சிடுவாரு. முழிச்சா கையைத் தூக்குவாரு, தூங்கி எந்திரிக்கிற எவனும் முதல்ல கையைத்தானே தூக்குறான், மூஞ்சியைத் துடைக்கிறான், ஈ ஓட்டுறான். ஈ ஓட்டுறதுன்னு எவ்வளவு லேசாச் சொல்லிடுறோம். வாசல்ல பிரம்பு நாற்காலியில சாஞ்சு, தலையை ஒரு பக்கமாச் சரிச்சு, கண்ணை மூடிக் கிடக்காரு என் வீட்டுக்காரர் சவரிமுத்து. வலது கை நாற்காலிக் கைமேல இருக்கு. அந்தக் கையை ஒட்டி ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல ஒரு பூந்தொட்டி. காலையில அந்தத் தொட்டியில கொத்துக் கொத்தாப் பூ இருந்துச்சு, செம்பழுப்பு இதழு, நடுவுல நீட்டின நாக்கு மாதிரி ஒரு வெள்ளை இதழு. இப்போ பூவைக் காணோம். பூ இருந்த இடம் பூராவும் தேனீ. ஈ மேல ஈ ஏறி, காலோட கால் பின்னி, ஒரு பலாப்பழம் பெருசுக்குத் தொங்குது. தொங்குறது அங்கேயே நிக்கக் கூடாதா? நாற்காலிக் கைமேல வழிஞ்சு, அவரு சட்டைக் கை விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு. மணிக்கட்டுல ரெண்டு மூணு நடக்குது. இங்கிருந்தே எனக்குத் தெரியுது, என் மணிக்கட்டுல நடக்குற மாதிரியே இருக்குது.

அரிசி களைஞ்சு குக்கர்ல போடுறப்போதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுதுன்னு நினைச்சேன் பாருங்க, பக்கத்து வீடு எங்க இருக்கு இங்க, காப்பித் தோட்டத்தைத் தாண்டித்தான் அடுத்த வீடு. மனசு அப்படித்தான், பயப்பட வேண்டிய நேரத்துல ஒரு மிக்ஸியைப் பிடிச்சுக்கும். தலையைத் தூக்கிப் பாத்தப்போ வாசல் முழுக்க இருட்டிக்கிட்டு வந்து இறங்குது கூட்டம். ஒரு காலத்துல இந்தச் சத்தம் கேட்டா இவரு சாப்பிடுற தட்டைத் தள்ளிட்டு ஓடுவாரு, ஈ பிரிஞ்சு வருது லூர்து, ஈ பிரிஞ்சு வருதுன்னு, கல்யாண ஊர்கோலம் வர்ற மாதிரி. ராணியோட ஒரு கூட்டம் பழைய கூட்டை விட்டுப் புது இடம் தேடிக் கிளம்பும், அதைப் பொட்டியில பிடிச்சு வைப்பாரு. தோட்டம் பூராவும் தேன்பொட்டி வச்சிருந்த மனுசன். கொட்டாத நாளில்ல. கொட்டினா நகத்தால கொடுக்கை வழிச்சு எறிஞ்சுட்டு அடுத்த பொட்டியைத் திறப்பாரு. அப்படித் தாங்கின உடம்பு, ஒரு காப்பிப்பூ சமயத்துல, கழுத்துல ஒரே ஒரு ஈ கொட்டினதுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு விட முடியாம வாசப்படியில விழுந்துச்சு. ஜீப்புல போட்டு மலையை விட்டு வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். அந்த வளைவெல்லாம். ஒவ்வொரு வளைவுலயும் இவரு தலை என் மடியில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருண்டுச்சு, மூச்சு விசில் மாதிரி வந்துச்சு, நான் ஜெபமாலையைத் தேடுறேன், கையில வந்தது வீட்டுச் சாவி, அதையே உருட்டிக்கிட்டு வந்தேன். பொழைச்சாரு. இத்தனை வருசம் வாங்கின கொட்டே இப்போ விரோதமாத் திரும்பிடுச்சும்மா, இன்னொரு தடவை ஒரு கொடுக்கு போதும்னு சொன்னுச்சு அந்த டாக்டர் பொண்ணு. ஒரு கொடுக்கு. இங்க எத்தனை இருக்குது? நான் எண்ண மாட்டேன். எண்ணினா பைத்தியம் பிடிச்சுடும்.

கையில மருந்து இருக்கு, கொட்டினா உடனே போடச் சொல்லிக் குடுத்தது. அது இருக்கு. பிஸ்கட் டப்பாவுக்குள்ள பஞ்சு வச்சு நானே பத்திரமா வச்சிருந்த குப்பி, கூடவே ஊசி. குப்பிக் கழுத்தை ஒடிக்கணும், பாதி இழுக்கணும், தொடையில, வேட்டி மேலேயே குத்தலாம், பயப்படாம அழுத்தணும். ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒரு சாத்துக்குடியைக் கையில குடுத்துக் குத்தச் சொன்னாங்க, குத்தினேன், சாறு பீச்சி அவங்க கண்ணாடியில அடிச்சுச்சு, ரெண்டு பேரும் சிரிச்சோம். இப்போ சிரிப்பு வருதா? குப்பியை ஒடிக்கிறேன்னு கீழ போட்டுட்டா? ஒண்ணுதான் இருக்கு. போய்ப் பக்கத்துல நில்லுடி, ஊசியோட தயாரா நில்லு, இங்க ஜன்னல்ல என்ன வேடிக்கைன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். போக முடியாது. காலையில அந்தத் தொட்டியைப் பின்கட்டுல இருந்து தூக்கிட்டு வந்தவ நான். இடுப்புல வச்சு, பிள்ளையைத் தூக்குற மாதிரி மாரோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தேன், பூவெல்லாம் தோள்ல உரசிக்கிட்டு வந்துச்சு. சேலை பூராவும் அந்த வாசம் இருக்குது போல. எனக்குத் தெரியல, ஆனா அதுங்களுக்குத் தெரியுது. ஜன்னல்ல அடிச்சிருக்கிற கொசுவலையில ஏழெட்டு ஈ வந்து, என் தோளுக்கு நேரா மட்டும் மோதிக்கிட்டு இருக்குது. நான் இந்தப் பக்கம் நகர்ந்தா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்ந்தா அந்தப் பக்கம். கதவைத் திறந்து நான் அவருகிட்ட போனா, நானே இன்னொரு பூந்தொட்டி. சேலையை அவுத்துப் போட்டுட்டு வேற கட்டலாம்னா அறைக்குப் போகணும், அறையில இருந்து வாசல் தெரியாது, நான் கண்ணை எடுக்கிற அந்த நேரத்துலதான் அவரு கையைத் தூக்குவாரு, எனக்கு நிச்சயமாத் தெரியும், என் தலையெழுத்து அப்படி. அதனால நிக்கிறேன். கட்டின புருசனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு வாசல்தான், என்னால அதைத் தாண்ட முடியல.

என்ன வாசம் அது? ஒரு மண்ணும் இல்ல. காலையில மூக்கை வச்சு மோந்து பாத்தேன், பச்சை இலை வாசம்கூட இல்ல. பூன்னா மல்லி மாதிரி வீடு கமகமக்கணும், இது என்ன பூன்னு திட்டிக்கிட்டேதான் தூக்கினேன். மூணு வருசத்துக்கு முன்னாடி இந்தச் செடியைக் கொண்டு வந்த எட்வின் தம்பி அன்னைக்கே சொன்னாப்ல, நர்சரி வச்சிருக்காப்ல பண்ணைக்காட்டுல, இவரோட பழைய சிநேகிதம். இது சீனத்துப் பக்கத்து ஆர்க்கிட்டு அக்கா, நம்ம மூக்குக்கு இது பேசாது, இந்தப் பொட்டியில வளர்க்கிற நம்ம ஊரு அடுக்குத் தேனீ இருக்கு பாருங்க, அதுக்கு மட்டும்தான் பேசும்னாப்ல. மலைத்தேனீ திரும்பிப் பாக்காது, வெளிநாட்டுத் தேனீ சீண்டாது. ஒரு பூவுக்கு ஒரு ஈ. இன்னொரு நாட்டுல ஒரு ஆர்க்கிட்டு இருக்காம், அது பெட்டை ஈ மாதிரியே வாசம் விடுமாம், ஆண் ஈ வந்து பூவைக் கட்டிப் பிடிச்சு ஏமாந்து, முதுகுல மகரந்தத்தை ஒட்டிக்கிட்டு, அடுத்த பூவுலயும் போய் ஏமாறுமாம். அட வெக்கங்கெட்ட ஈயேன்னு நான் சிரிச்சேன். இந்தச் செடிகிட்ட தேன் ஒரு சொட்டு கிடையாதுக்கா, ஆனா கூட்டுக்குள்ள ராணியும் மத்த ஈயும் விடுற வாசத்துல இருக்கிற ஏதோ ஒண்ணு இதுலயும் இருக்கு, நம்ம ஆளுங்க இங்க இருக்காங்கன்னு நினைச்சு வரும், தனி ஈ மட்டுமில்ல, சமயத்துல பிரிஞ்ச கூட்டமே... இவரு குறுக்க புகுந்து, டீ ஆறுது எட்வின், குடின்னாரு. டீ ஆறுதுன்னாரு. நானும் ஆமா தம்பி குடிங்கன்னு முறுக்குத் தட்டை நகர்த்தினேன். கூட்டமே என்ன பண்ணும்னு நான் கேக்கல. ஏன் கேக்கல? முறுக்கு நமுத்துப் போயிருக்குமோன்னு அந்தக் கவலை எனக்கு.

குக்கர்! ஐயோ சேசுவே, குக்கர் விசில் வரப் போகுது. இப்போ அது அலறினா இவரு தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பாரு. கண்ணை வாசல்லயே வச்சுக்கிட்டு ஒரு கையைப் பின்னால நீட்டித் தடவித் தடவி அடுப்பை அணைச்சேன், விரல் சுட்டுச்சு, சுடட்டும். வெயிட்டு ரெண்டு தடவை புஸ்ஸுன்னு ஆடி அடங்கிடுச்சு. அரை வேக்காட்டுச் சோறு. சாப்பிட ஆள் இருந்தா அரை வேக்காட்டையும் சாப்பிடுவாங்க. என்ன நினைக்கிறேன் நான், சீ. இவரு அசையல. அந்தக் கொத்து மட்டும் மூச்சு விடுற மாதிரி லேசா உப்பி அடங்குது. மணிக்கட்டுல இருந்ததுங்க இப்போ புறங்கைக்கு வந்திருக்கு. அந்தக் கையில ஒரு காலத்துல என்ன வாசம். மெழுகு, புகை, கொஞ்சம் புளிச்ச தேன். கல்யாணமான புதுசுல குமட்டும் எனக்கு, சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு வாங்கன்னு விரட்டுவேன். அப்புறம் அந்த வாசம் வந்தாத்தான் வீட்டுக்கு ஆளு வந்துட்டாருன்னு அர்த்தம்னு ஆச்சு. இருட்டுல படுத்திருந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது இவருதான்னு மூக்கு சொல்லிடும். பொட்டியை எல்லாம் வித்து ஏத்திவிட்ட அன்னைக்கு லாரி பின்னாடியே ரோடு முனை வரைக்கும் நடந்து போனாரு. திரும்பி வந்து அந்த நாற்காலியில உக்காந்தவருதான். பேச்சில்ல. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு, படுங்கன்னா படுப்பாரு. நான் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். பிடிச்ச மீன் குழம்பு வச்சேன், மக பிலோமியைத் திண்டுக்கல்லுல இருந்து பேரப்பிள்ளையோட வரச் சொன்னேன், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டுக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணுக்கும் திரும்பல. ஒரு வாசமில்லாத பூ ஊரு பூரா இருக்கிற ஈயைக் கூப்பிடுது, நான் முப்பது வருசத்துக்கு மேல ஆக்கிப் போட்டும் இந்த ஒரு மனுசனை ஒரு நாற்காலியில இருந்து கூப்பிட முடியலையே. சொல்லவே வெக்கமா இருக்கு, பொறாமையா இருக்கு எனக்கு, ஈ மேல.

இங்க வைன்னு சொன்னாரு. திரும்பத் திரும்ப அதுலயே போய் மாட்டுது புத்தி. நான் தொட்டியைக் கொய்யா மரத்தடியிலதான் வைக்கப் போனேன், அங்க நிழல் இருக்குன்னு. அங்க வேணாம், இங்க வை, என் கைப்பக்கத்துல வைன்னாரு. அவ்வளவு நாளா வாயே திறக்காதவரு ஒரு பூவை ரசிக்கணும்னு கேக்குறாரேன்னு எனக்கு உச்சி குளிர்ந்துச்சு, ஸ்டூலைத் துடைச்சுப் போட்டு வச்சேன். கொய்யா மரத்தடியில என்ன இருக்கு? ஒரு பழைய தேன்பொட்டி இருக்கு. லாரியில ஏத்தாம விட்ட ஒண்ணு. விதை போட்டு வைக்க ஆகும்னாரு. போன வாரம் அதைச் சுரண்டிக் கழுவி வெயில்ல காய வச்சாரு. மெழுகை உருக்கி உள்பக்கம் தடவுனாரு. விதைக்கு எதுக்குங்க மெழுகுன்னு கேட்டேன், பூச்சி வராதுன்னாரு. சரிதான்னு நான் துணி துவைக்கப் போயிட்டேன். பூச்சி வராதாம். அடியில செங்கல்லு குடுத்துத் தூக்கி, தேனீக்கு வைக்கிற மாதிரியே வாசலைக் கிழக்கு பாக்க வச்சிருக்காரு அந்தப் பொட்டியை. விதைப்பொட்டிக்குக் கிழக்கு என்ன மேற்கு என்ன? இல்ல, இல்ல, அப்படி இருக்காது. அவரு அறியாம தூங்கிட்டாரு, கூட்டம் தானா வந்துச்சு. தூங்கிட்டாரு பாவம், ராத்திரி இருமிக்கிட்டே இருந்தாரு, அதான் அசந்துட்டாரு. இங்க வைன்னது பூவைப் பாக்கத்தான். பூவைப் பாக்கிறவரு எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டாரு?

போன்! இதை எப்படி மறந்தேன். அவரு சட்டைப் பையில போன் இருக்கு. பிலோமி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு இந்நேரம்தான் தினமும் அப்பாவுக்குக் கூப்பிடுவா. காது லேசா மந்தம்னு சத்தத்தை உச்சத்துல வச்சிருக்காரு, கோயில் மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வேற வச்சிருக்கு அவ பிள்ளை. என் போனை எடுத்து அவளுக்குப் போடுறேன், விரல் வழுக்குது, தப்பா எட்வின் பேருல படுது, வெட்டிட்டு மறுபடி போடுறேன். நீங்கள் அழைக்கும் நபர் மற்றொரு அழைப்பில் இருக்கிறார். யாருகிட்டடி பேசுற, யாருகிட்ட... அவருக்குத்தான் போடுறா. இப்போ, இந்த நொடி, அவருக்குத்தான். ஜன்னலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அடிச்சுச்சு. வாசல் அதிர அடிச்சுச்சு, நெஞ்சுக்கு நேரா, சட்டைப் பைக்குள்ள வெளிச்சம் துடிக்குது, அந்தக் கொத்து முழுக்க ஒரு தடவை சிலிர்த்து அடங்குச்சு, நான் கண்ணை மூடினேன். மூடிட்டேன். பாக்கணும்னு அவ்வளவு நேரம் நின்னவ பாக்க வேண்டிய நேரத்துல மூடிட்டேன். மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சுச்சு. திறந்தேன். கை இருந்த இடத்துலயே இருக்கு. தலை சரிஞ்ச இடத்துலயே இருக்கு. ஒரு விரல்கூட ஆடல. தூங்குற மனுசனுக்கு இந்தச் சத்தத்துல தூக்கிவாரிப் போடாதா? குழந்தைகூடத் துள்ளி அழும். முடிஞ்சு போச்சா அப்போ, ஏற்கெனவே கொட்டி, சத்தமில்லாம, நான் பாத்துக்கிட்டு நிக்கும்போதே? இல்ல, நெஞ்சு ஏறி இறங்குது, நல்லா இறங்குது. அப்போதான் பொறி தட்டுச்சு. தூங்கல. இவரு தூங்கவே இல்ல. அசையக் கூடாதுன்னு அசையாம இருக்காரு.

பாவி மனுசா. அட பாவி மனுசா. உலகத்துல இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாம் வாய்க்கு வருது, ஒண்ணையும் வெளிய விட முடியல. அடுப்பை அணைச்சதென்ன, போன் போட்டதென்ன, சேலையைப் பாத்து நடுங்கினதென்ன, இவரு முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. செடியைச் சொல்லி வாங்கி, எட்வின் வாயை அடைச்சு, மூணு வருசம் தண்ணி ஊத்தி, பொட்டியைக் கழுவி, என் கையாலயே அந்தத் தொட்டியைத் தூக்க வச்சு, இங்க வைன்னு சொல்லி. வேணும்னேதான் பண்ணாரா? சாகணும்னா? நான் அப்படி என்ன குறை வச்சேன்? அப்போ கண்ணைத் திறந்தாரு. தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் திருப்பி, நேரா ஜன்னலைப் பாத்தாரு, நான் இங்கதான் நிப்பேன்னு தெரிஞ்ச மாதிரி. இடது கை மடியில இருந்துச்சு, அதுல ஒரு விரலை மட்டும் லேசாத் தூக்கினாரு. பொட்டி திறக்கிறப்போ நான் வாயாடிக்கிட்டு நின்னா அந்தக் காலத்துல காட்டுவாரே, அதே விரல், சும்மா இருடின்னு. கன்னத்துல தண்ணி வழியுது. சிரிக்கிறாரு. இந்தச் சிரிப்பை நான் எத்தனை நாளாத் தேடினேன், மீன் குழம்புலயும் வேளாங்கண்ணியிலயும். கோபத்துல கத்தணும்னு வந்தது, அந்த மூஞ்சியைப் பாத்ததும் எங்கேயோ போயிடுச்சு, பயம் மட்டும் அப்படியே நின்னுச்சு. அப்போ சத்தம் மாறுச்சு. கொத்து மேல இருந்து அவிழ ஆரம்பிச்சுது, அரிசி மூட்டை ஓட்டையில இருந்து கொட்டுற மாதிரி ஆகாசத்துக்குக் கொட்டுச்சு, வாசல் முழுக்க ஈ, அவரு தலை தெரியல, மூஞ்சி தெரியல. குப்பியை உள்ளங்கையில இறுக்கிக்கிட்டேன், உடைஞ்சிடுமோன்னுகூட நினைக்காம இறுக்கினேன். அருள் நிறைந்த மரியே, அதுக்கப்புறம் என்ன வரும், அதுக்கப்புறம் என்ன வரும்னு திரும்பத் திரும்ப முதல் வார்த்தைதான் வருது. கூட்டம் ஒரு சுத்து சுத்தி, கொய்யா மரத்துப் பக்கம் சாஞ்சு, கழுவி வச்ச அந்தப் பொட்டி வாசல்ல இறங்கி, உள்ள போச்சு. கோயிலுக்குள்ள ஜனம் போற மாதிரி நெருக்கி நெருக்கிப் போச்சு. நாற்காலியில அவரு முழுசா இருந்தாரு. தொட்டியில பூ மறுபடி தெரிஞ்சுச்சு, கசங்கி.

அந்தச் சேலையோடவே ஓடினேன். வலையில மோதினதுங்ககூட அதுங்க ஆளுங்களோட போயிடுச்சு. கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், கழுத்தைப் பாத்தேன், காதுக்குப் பின்னாடி பாத்தேன், சட்டையைத் தூக்கிப் பாத்தேன். கொட்டுச்சா, எங்கயாச்சும் கொட்டுச்சான்னு கேட்டேன். கொட்டல லூர்து, பிரிஞ்சு வர்ற கூட்டம் கொட்டாது, வயிறு முட்டத் தேனைக் குடிச்சுட்டு வரும், வீடு தேடி வர்றதுக்குக் கோபம் எங்க இருக்குன்னாரு. எவ்வளவு பேச்சு. மூணு வருசத்துல இவ்வளவு பேசினதில்ல. இப்போ வீடு கிடைச்சுடுச்சுல்ல, நாளைக்குக் கூடு கட்டிக் குஞ்சு வச்ச பிறகு, அப்போ கொட்டும்லன்னு கேட்டேன். பொட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொட்டியை இப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லி எட்வினுக்கு போன் போடுறேன்னேன். போடுன்னாரு, அடம் பிடிக்கிற பிள்ளை தலையைத் தடவுற மாதிரி மெதுவா. நான் போட மாட்டேங்கிறது ரெண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பை நான் எந்த முகத்தோட லாரியில ஏத்துவேன்? தோள்ல ஓங்கி ஒரு அடி அடிச்சேன், இன்னொண்ணு அடிச்சேன், அப்புறம் அந்தத் தோள்லயே மூஞ்சியை வச்சு அழுதேன். சட்டையில மெழுகு வாசம் வந்துச்சு. பழைய வாசம். வாசப்படி தாண்டி வர்றப்போ வருமே, அதே வாசம். அவரு என் கை விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, உள்ளங்கையில இருந்த குப்பியைப் பாத்தாரு. மருந்தை இப்படி வெயில்ல வச்சுக்கிட்டு நிக்காத, கெட்டுப் போயிடும், உள்ள கொண்டு போய் வைன்னாரு. கெட்டுப் போகட்டும்னு அந்தக் கொய்யா மரத்துலயே வீசி அடிச்சிருக்கணும் நான். உள்ள கொண்டு போனேன். தண்ணிப் பானைக்குப் பக்கத்துல குளிர்ச்சியான இடத்துல, பஞ்சுக்கு நடுவுல, டப்பாவுல வச்சேன். மூடியை மட்டும் இறுக்கி மூடல. அவசரத்துக்குத் திறக்கணும்ல.